எழுதும் மேசையைத் தேடி: அகதா கிறிஸ்டியின் ஊர்களில் ஆறு நாள்கள்

முதல் நாள்: டார்க்கீ

கும்பகோணம் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். துப்பறியும் நாவல்களை நான் படித்த நேரத்தைவிடப் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவற்றின் கிழிந்த முதுகை ஒட்டிய நேரம்தான் அதிகம். வேறெந்த அலமாரியின் நூல்களும் அவ்வளவு விரைவாக நைந்து திரும்பியதில்லை. கிறிஸ்டி நாவல் ஒன்றின் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி, அடிக்கோடும் இட்டுத் திருப்பிக் கொடுத்த புண்ணியவான் ஒருவர் எங்கள் உறுப்பினராக இருந்தார். ரப்பர் கொண்டு எவ்வளவு அழித்தும் எழுத்தின் பள்ளம் போகவில்லை; பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பெயர் தெரியத்தான் செய்தது.

இங்கிலாந்தில் ரெடிங் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருக்கும் என் மகளைப் பார்க்க வந்த இடத்தில், டெவன் மாவட்டத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று நச்சரித்து அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவளுக்குக் கொலைக் கதைகள் பிடிக்காது. "வேலையிலேயே நஞ்சைப் பற்றிப் போதுமான அளவு யோசிக்கிறேன், அம்மா" என்பாள்.

நான் வந்ததற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. கிறிஸ்டியின் தன்வரலாற்றில், செய்தியாளர்கள் வந்து அவர் எழுதும் இடத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் தமக்கு நேரும் சங்கடத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி, நான் மிகவும் விரும்பிப் படித்தது. எழுதுவதற்கென்று அவருக்கு அறையோ மேசையோ கிடையாது. ஆடாமல் நிற்கும் மேசை ஒன்று, ஒரு தட்டச்சுப் பொறி. படுக்கையறையில் முகம் கழுவும் சாமான்களை வைக்கும் சலவைக்கல் மேசையானாலும் சரி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் காலியாகக் கிடக்கும் சாப்பாட்டு மேசையானாலும் சரி. அறுபத்தாறு துப்பறியும் நாவல்கள் இப்படித்தான் எழுதப்பட்டன என்பதை நூலகராக நம்பினேன். மனுஷியாக நம்ப முடியவில்லை. எங்கேயோ ஒரு மேசை இருந்திருக்க வேண்டும் என்ற சந்தேகத்தோடுதான் ரயில் ஏறினேன்.

டார்க்கீ நிலையத்தில் இறங்கியதும் எதிர்ப்படுவது கிராண்ட் ஹோட்டல். 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் ஆர்ச்சி கிறிஸ்டியை அவசர அவசரமாக மணந்துகொண்ட அகதா, போர்முனைக்குத் திரும்பவிருந்த கணவரோடு முதலிரவைக் கழித்த விடுதி. அதைக் கடந்து, மேட்டுச் சாலைகளில் மூச்சு வாங்க ஏறி, பார்ட்டன் சாலைக்குப் போனோம். 1890 செப்டம்பர் 15 அன்று அவர் பிறந்த ஆஷ்ஃபீல்டு என்ற வீடு அங்கேதான் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வாங்க முயன்று தோற்ற கிறிஸ்டி, பல மாதங்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனபோது, மங்கி பசில் என்னும் ஊசியிலை மரம் ஒன்றின் மிச்சம் மட்டுமே அடையாளம் சொல்லியதாம். இன்று நீல நிற நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. அதன் முன் நின்று மகள் என்னைப் படம் எடுத்தாள். எழுத்தாளரின் வீடில்லாத இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை; முகத்தில் இருந்தது.

ஆனால் அந்த வெற்றிடத்தில் நின்றுகொண்டுதான் அவளுக்கு நான் அந்தக் கதையைச் சொன்னேன். எட்டு வயதுக்கு முன் குழந்தைகள் படிக்கக் கூடாது, கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதல் என்று தாயார் கிளாராவுக்கு ஓர் உறுதியான எண்ணம். மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய அந்த அம்மையார், கடைக்குட்டியிடம் இந்தப் புதுக் கொள்கையைச் சோதித்துப் பார்த்தார். குழந்தையோ, யாராவது வாசித்துக்காட்டிய கதைப் புத்தகத்தைப் பிறகு எடுத்துவைத்துக்கொண்டு, சொற்களின் உருவத்தை அடையாளம் கண்டு கண்டு, ஐந்து வயதுக்குள் தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளையை வளர்த்த செவிலித்தாய் மறுநாள் எஜமானியிடம் போய், குழந்தைக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல மன்னிப்புக் குரலில் சொன்னாராம். எழுத்தெழுத்தாகப் படிக்காமல் சொல்லின் வடிவத்தைப் பார்த்தே படித்ததால், கடைசிவரை எழுத்துக்கூட்டலில் தமக்குத் தடுமாற்றம் இருந்தது என்பார் கிறிஸ்டி.

அந்த வீட்டில்தான் அக்காள் மேட்ஜ், எட்டு வயதுத் தங்கைக்கு ஷெர்லாக் ஹோம்சின் நீல மாணிக்கக் கதையைச் சொன்னார். பின்னாளில் காஸ்தோன் லெரூவின் மஞ்சள் அறை மர்மத்தைப் படித்துவிட்டு இருவரும் விவாதித்தபோது, இப்படி ஒன்றை எழுதிப் பார்க்க வேண்டும் என்றார் தங்கை. உன்னால் முடியாது என்றார் அக்காள். நம் வீட்டு அக்காள்களும் இதைத்தான் சொல்வார்கள். நம்மில் பலர் அத்தோடு விட்டுவிடுகிறோம்.

இரண்டாம் நாள்: நகர மன்றமும் நச்சுத் தோட்டமும்

காசில் சர்க்கஸ் என்ற சந்திப்பில் நிற்கும் டார்க்கீ நகர மன்றக் கட்டடம், முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவமனையாக இருந்தது. அகதா அங்கே முதலில் தொண்டுச் செவிலியாகவும் பிறகு மருந்தகத்திலும் ஏறத்தாழ 3,400 மணி நேரம் பணியாற்றினார் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு சொல்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் சம்பளம் கிடையாது. மருந்தகத்துக்கு மாறிய பின் ஆண்டுக்குப் பதினாறு பவுண்டு. 1917இல் மருந்தாளுநர் தேர்வில் தேறினார்.

இதுவரை பின்னால் நடந்து வந்த மகள் இந்த இடத்தில் என் பக்கத்தில் வந்துவிட்டாள். செவிலியர் வேலையில் ஓயாத பரபரப்பு. மருந்தகத்திலோ சில நேரம் தலை தூக்க முடியாத வேலை, சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை. அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான், சுற்றிலும் அலமாரிகளில் நஞ்சுப் புட்டிகள் இருக்க, அக்காளின் சவாலை நினைத்து, நஞ்சு வைத்துக் கொல்லும் கதை ஒன்றை அகதா யோசிக்கத் தொடங்கினார். துப்பறிபவராக யாரைப் போடுவது என்று தேடியபோது, போரில் ஊரை இழந்து டார்க்கீயில் அடைக்கலம் புகுந்திருந்த பெல்ஜிய அகதிகள் நினைவுக்கு வந்தார்கள். எர்க்யூல் புவாரோ ஓர் அகதி என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பயிற்சிக்காக நகரத்து மருந்து வணிகர் ஒருவரிடமும் அகதா போயிருக்கிறார். அந்த மனிதர் ஒருநாள் சட்டைப் பையிலிருந்து கருப்பாக ஒரு கட்டியை எடுத்துக் காட்டி, இது க்யூராரே என்னும் அம்பு நஞ்சு, இதைப் பையில் வைத்திருப்பது எனக்கு வலிமை உள்ளவன் என்ற உணர்வைத் தருகிறது என்றாராம். அதே மனிதர் ஒருமுறை தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு, ஆசனவாயில் வைக்கும் மருந்தைப் பத்து மடங்கு வீரியத்தில் தயாரித்துவிட்டார். பயிற்சிக்கு வந்த பெண் ஆசிரியரிடம் தவறென்று சொல்ல முடியாது. அகதா கால் இடறியதுபோல நடித்து, அந்தத் தட்டைக் கீழே தள்ளி, போதாததற்கு மிதித்தும் வைத்தார். "இப்போதென்றால் மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டும்" என்று மகள் சிரித்தாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, அந்தக் கருப்புக் கட்டி மனிதரின் சாயலில் ஒரு பாத்திரம் 1961இல் வெளிவந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுத்தாளரின் நினைவில் எதுவும் வீணாவதில்லை போலும்.

பிற்பகலில் டார் அபி என்ற பழைய மடத்துக்குப் போனோம். 1196இல் நிறுவப்பட்டது, ஆனால் நான் போனது மடத்துக்காக அல்ல, அதன் தோட்டத்தில் கிறிஸ்டியின் கதைகளில் வரும் நச்சுச் செடிகளை வளர்த்து வைத்திருக்கும் பகுதிக்காக. செப்டம்பர் கடைசி வாரம் என்பதால் ஃபாக்ஸ்குளோவ் பூத்து முடிந்து இலைகளாக நின்றது. அதைப் பார்த்த மகள், இதன் குடும்பத்துச் செடியிலிருந்து எடுக்கும் டிகாக்சினை இதய நோயாளிகளுக்குத் தினமும் எடுத்துக் கொடுப்பதாகவும், செடியாக இன்றைக்குத்தான் நின்று பார்ப்பதாகவும் சொன்னாள். நம் சித்த மருத்துவர்கள் நாபி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த நீலப் பூச்செடியும் இருந்தது. எந்தச் செடி எந்த நாவலில் யாரைக் கொல்கிறது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் பென்சில் புண்ணியவானுக்கும் எனக்கும் வித்தியாசம் இராது.

ஒன்றை மட்டும் சொல்லலாம், ஏனென்றால் அது முதல் நாவலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நாவலில் கொலைக்குப் பயன்படும் ஸ்ட்ரிக்னின், நம் ஊர் எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று நாம் பழமொழியாகச் சொல்லிக் கடந்துபோகும் அதே மரம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மிகச் சிறிய அளவில் சத்து மருந்திலும் அதைச் சேர்ப்பார்களாம். அந்த மருந்தோடு இன்னொன்று சேரும்போது என்ன ஆகும் என்று மகள் விளக்கத் தொடங்கினாள். கை காட்டி நிறுத்தினேன். நாவல் வந்ததும் மருந்தாளுநர்களின் இதழ் ஒன்று, இதில் நஞ்சைப் பற்றி எழுதியிருப்பது சரியாக இருக்கிறது என்று பாராட்டி மதிப்புரை எழுதியது. வேறெந்தப் பாராட்டையும்விடக் கிறிஸ்டி போற்றியது அதைத்தான். அதைக் கேட்டதும் மகள், "அந்தப் புத்தகம் பையில் இருக்கிறதா?" என்று கேட்டாள். இருந்தது.

மூன்றாம் நாள்: ஹேடார்

கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து டார்ட்மூர் மேட்டு நிலத்துக்குப் போனோம். மரமில்லாத, செடியும் புதரும் பாறையுமான பெரும்பரப்பு. வெட்டவெளியில் நிற்கும் ஹேடார் பாறைக் குவியலின் அருகில் காற்று ஆளைத் தள்ளியது. புடவையை விட்டுவிட்டு மகளின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

1916இல், பாதி எழுதிய நிலையில் ஸ்டைல்ஸ் நாவல் சிக்கிக்கொண்டது. மருத்துவமனையில் கிடைக்கும் விடுமுறையை எடுத்துக்கொண்டு டார்ட்மூருக்குப் போய் எழுதி முடித்துவிட்டு வா என்று யோசனை சொன்னவர், பிள்ளை எட்டு வயதுவரை படிக்கக் கூடாது என்று சொன்ன அதே தாயார். ஹேடாரில் உள்ள மூர்லேண்ட் ஹோட்டலில் இரண்டு வாரம் அறை எடுத்தார் அகதா. காலை முழுவதும் கை வலிக்கும்வரை எழுதுவது, கையில் ஒரு புத்தகத்தோடு மதிய உணவு, பிறகு இரண்டு மணி நேரம் இந்த வெட்டவெளியில் நடந்தபடி, எழுத வேண்டிய பாத்திரங்களின் பேச்சையெல்லாம் வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது, இரவு உணவு, பன்னிரண்டு மணி நேர உறக்கம். இதுதான் அன்றாடம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மதிய உணவுப் புத்தகம். தம் நாவலின் உச்சகட்டத்தில் இருக்கும்போதும் இன்னொருவர் எழுதியதைப் படிக்காமல் சோறு இறங்கவில்லை. நம்மிடம் எழுத வருகிறவர்கள் பலர், எழுதும் காலத்தில் பிறர் எழுத்தைப் படித்தால் தம் நடை கெட்டுவிடும் என்று அஞ்சுவதை நூலக வாசகர் வட்டக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கெடுகிற நடை கெட்டுத்தான் போகட்டுமே.

ஹோட்டலாக இருந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. எந்த அறை, எந்த மேசை என்று காட்ட யாரும் இல்லை. நானும் வெளியிலிருந்து சன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டு நடந்தேன். இந்த நாவலின் பெரும்பகுதி மேசையில் அல்ல, நடக்கும்போது வாயில் எழுதப்பட்டது என்றால், நான் தேடும் மேசை இந்த ஒற்றையடிப் பாதைதான் என்று மகளிடம் சொன்னேன். அவள் பாறை மறைவில் காற்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை.

எழுதி முடித்த பின் நடந்தது அத்தனை இனிமையானதல்ல. சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஜான் லேன் என்ற பதிப்பாளர் நீண்ட காலம் வைத்திருந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தை மாற்றச் சொன்னார். நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் நின்று புவாரோ உண்மையை விளக்குவதாக அகதா எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் அப்படியெல்லாம் பேச விடமாட்டார்கள் என்றார் லேன். அதனால் விளக்கம் வீட்டின் வரவேற்பறைக்கு மாறியது. எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி வைத்து, துப்பறிபவர் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசும் அந்தக் காட்சியை நாம் எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! கிறிஸ்டியிடம் அது ஒரு பதிப்பாளரின் ஆட்சேபத்தால் வந்து சேர்ந்தது. 1920இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்திலும் நூல் வெளிவந்தது. அடுத்த ஐந்து நூல்களுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்ட ஒப்பந்தத்தில், முதல் நூலால் அவர் கையில் விழுந்தது, பத்திரிகைத் தொடர் உரிமையில் தம் பங்காக இருபத்தைந்து பவுண்டு.

நான்காம் நாள்: கிரீன்வே

பெயின்டன் ஊரிலிருந்து நீராவி ரயிலில் ஏறினோம். வழியில் வரும் சர்ஸ்டன் நிலையம் 'ஏபிசி மர்டர்ஸ்' வாசகர்களுக்குத் தெரிந்த பெயர். கிங்ஸ்வேரில் இறங்கி, ஆற்றைக் கடந்து டார்ட்மத், அங்கிருந்து டார்ட் ஆற்றில் படகு. படித்துறையிலிருந்து வீட்டுக்கு ஏறும் செங்குத்துப் பாதை என் முழங்காலைச் சோதித்தது.

கிரீன்வேயைக் கிறிஸ்டி 1938இல் ஆறாயிரம் பவுண்டுக்கு வாங்கினார். ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டு இறுதிக்கால வெள்ளை மாளிகை, சுற்றிலும் மரங்கள். 2000இல் மகள் ரோசலிண்ட் குடும்பத்தார் இதை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு வழங்கினார்கள். 2009இல் வீடு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. கயிறு கட்டித் தடுத்த அருங்காட்சியகம்போல இல்லாமல், வீட்டார் சற்றுமுன் வெளியே போனதுபோல் வைத்திருக்கிறார்கள். கூடத்தில் தொப்பிகளும் கைத்தடிகளும். அறைக்கு அறை, அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பீங்கான், மரப்பெட்டி, சின்னஞ்சிறு பொருள்கள். மிச்சம் வைக்காமல் சேர்க்கும் குடும்பம். எங்கள் அத்தை வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது.

நேராக அங்கிருந்த தன்னார்வலர் அம்மாளிடம் போய், அவர் எழுதிய மேசை எது என்று கேட்டேன். அந்த அம்மாள் பலமுறை சொல்லிப் பழகிய புன்னகையோடு, இங்கே அவர் எழுதவில்லையே என்றார். கிரீன்வே விடுமுறை வீடு. எழுத்து வேலை பெரும்பாலும் வாலிங்ஃபோர்டு வீட்டிலும் லண்டனிலும், இரண்டாம் கணவரான தொல்லியல் அறிஞர் மேக்ஸ் மல்லோவனோடு போன ஈராக் அகழாய்வு முகாம்களிலும் நடந்தது. கோடையில் இங்கே வந்தால் அச்சுப்படி திருத்துவார், தோட்டத்தைப் பார்ப்பார், நன்றாகச் சாப்பிடுவார்.

அப்படியானால் இவ்வளவு தொலைவு வந்தது வீண்தானா? வரவேற்பறைக்குள் நுழைந்ததும் வீணல்ல என்று தெரிந்தது. இங்கேதான் இரவு உணவுக்குப் பிறகு, புதிதாக எழுதிய நாவலைக் கிறிஸ்டி ஒவ்வோர் இரவும் ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயமாகக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் கொலையாளி என்று ஊகிப்பார்கள். எந்த இடத்தில் அவர்களுடைய சந்தேகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பதைவிடத் துப்பறியும் நாவலாசிரியருக்கு வேறென்ன திருத்தம் வேண்டும்? அதே அறையில் ஒரு ஸ்டெய்ன்வே பியானோவும் இருக்கிறது. அந்நியர் முன்னால் வாசிக்க முடியாத கூச்சத்தால் இசைக்கலைஞர் ஆகும் கனவைக் கைவிட்டவர் அவர். நாவலையும் அந்நியர் முன்னால் வாசித்ததாகத் தெரியவில்லை. ஜி. கே. செஸ்டர்டன் முதல் தலைவராக இருக்க 1930இல் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப் என்னும் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தில், தெய்வ வாக்காலோ தற்செயலாலோ மர்மத்தை அவிழ்க்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் விளையாட்டும் வினையுமாக உறுதிமொழி எடுப்பார்கள். 1957இல் அதன் தலைவர் பொறுப்பு கிறிஸ்டிக்கு வந்தபோது, மேடையில் பேசுவதற்கு இன்னொருவர் இணைத்தலைவராக இருந்தால்தான் ஏற்பேன் என்று நிபந்தனை போட்டவர் அவர்.

நூலக அறையின் சுவர் உச்சியில் சுற்றிலும் ஒரு நீள ஓவியம் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் வீட்டை அரசு எடுத்துக்கொண்டபோது தங்கியிருந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படையினரில் ஒருவர், தங்கள் கப்பல்கள் போய்வந்த இடங்களையெல்லாம் வரைந்து வைத்த ஓவியம் அது. கடைசியில் முடிக்காமல் விட்ட ஓர் ஆடையற்ற அழகியும் இருக்கிறாள். போர் முடிந்து வீட்டைத் திருப்பித் தரும்போது, சுவரை வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், வரலாற்று நினைவாக இருக்கட்டும் என்றுவிட்டார் கிறிஸ்டி. படையினருக்காகக் கட்டியிருந்த பதினான்கு கழிப்பறைகளை அகற்றுவதற்கு மட்டும் அதிகாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

மாடியில் ஒரு குறுகிய சிறிய அறை. கிறிஸ்டியின் எழுபத்து மூன்று குறிப்பேடுகளும் அங்கே இருந்ததைப் பார்த்து, ஜான் கரன் என்ற ஆய்வாளர் 2005இல் இரவு பகலாக உட்கார்ந்து படித்தார். 2009இல் அவற்றைப் பற்றிய நூல் வந்தது. அந்தக் குறிப்பேடுகளைப் பற்றிப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலானவை பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுகள். எடுப்பது கைக்குக் கிடைத்தது. திறப்பது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஒரே நோட்டில் பத்தாண்டு இடைவெளியில் எழுதிய நாவல்கள் அடுத்தடுத்த பக்கங்களில். யார் கொலையாளி என்பதற்கு நான்கைந்து பெயர்களைப் போட்டு அடித்திருக்கும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே வாங்க வேண்டிய பொருள்கள், ரயில் நேரம், சீட்டாட்டக் கணக்கு. காட்சிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்திட்டு, பிறகு அந்த எழுத்துகளை மட்டும் சீட்டுக்கட்டைப்போல மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்திருக்கிறார். நூலகத்தில் வகைப்பாட்டு எண் பிசகினால் சண்டை போட்ட என்னைப் போன்றவளுக்கு இது அதிர்ச்சி. ஒழுங்கே இல்லாத நோட்டிலிருந்து, ஒரு ஆணியைப் பிடுங்கினால் மொத்தமும் சரிந்துவிடும் அளவுக்கு இறுக்கமான கதைகள் வந்திருக்கின்றன.

குளியலறையைப் பற்றியும் ஒரு செய்தி. கிரீன்வேயைச் செப்பனிட வந்த கட்டடக் கலைஞரிடம், பெரிய குளியல் தொட்டியும் அதற்கு ஓரத்தில் ஒரு திட்டும் வேண்டும், நான் ஆப்பிள் தின்பவள் என்றாராம். வெந்நீரில் கிடந்தபடி ஆப்பிளைத் தின்று, கதையை யோசித்து, நடுத்தண்டுகளை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே போவது அவர் வழக்கம். "எழுதும் மேசை கிடைத்துவிட்டதா, அம்மா?" என்று மகள் தொட்டியைக் காட்டிக் கேட்டாள்.

'டெட் மேன்ஸ் ஃபாலி' நாவலில் வரும் படகு வீட்டைப் பார்க்க ஆற்றங்கரைக்கு இறங்கினோம். கதையில் படித்த அதே இடம், அதே நீர். அங்கே நிற்கும்போது முதுகில் சில்லென்று ஒன்று ஓடியது என்று எழுத ஆசைதான். உண்மையில் படகைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற கவலைதான் ஓடியது.

ஐந்தாம் நாள்: எக்சிடர் வழியாகத் திரும்புதல்

இன்று பர்க் தீவுக்குப் போவதாக இருந்தது. 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலின் தீவுக்கு முன்மாதிரியான இடம். கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம். மழையும் அலை நேரமும் ஒத்துவரவில்லை. வருத்தமில்லை.

எக்சிடர் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிறிஸ்டிக்கும் அவருடைய முகவர் எட்மண்ட் கார்க்குக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கிறது. முன்கூட்டியே நேரம் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தோரு ஆண்டு நூலகருக்கு இது தோன்றாமல் போனது வெட்கம். அதனால் எக்சிடர் செயின்ட் டேவிட்ஸ் ரயில் நிலையத்தோடு நிறுத்திக்கொண்டேன். 1934இல் கிறிஸ்டியைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பிய ஆலன் லேன் என்ற பதிப்பாளர், இந்த நடைமேடையில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் தவித்ததிலிருந்துதான் பெங்குவின் நூல்கள் பிறந்தன என்பது அவரோடு சேர்ந்து வளர்ந்த கதை. ஸ்டைல்சை வெளியிட்ட ஜான் லேனின் உறவினர்தான் இவர். 1935இல் சிகரெட் பெட்டி விலையில், ஆறு பென்சுக்கு வந்த முதல் பத்துப் பெங்குவின்களில் கிறிஸ்டியின் நூலும் டோரதி எல். சேயர்சின் நூலும் இருந்தன. நான் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்த காகித அட்டைப் புத்தகங்களின் வம்சாவளியில் இந்த நடைமேடைக்கும் ஒரு பங்குண்டு. பத்து நிமிடம் சும்மா நின்றேன். மகள் பெஞ்சில் ஸ்டைல்சோடு இருந்தாள், பாதியைத் தாண்டிவிட்டாள்.

ஆறாம் நாள்: வாலிங்ஃபோர்டும் சோல்சியும்

ரெடிங்கிலிருந்து பேருந்தில் வாலிங்ஃபோர்டு. 1934இல் வாங்கிய வின்டர்புரூக் இல்லம் இப்போது தனியார் வீடு. சாலையிலிருந்து நினைவுப் பலகையை மட்டும் பார்க்கலாம். மேசை இருந்திருந்தால் இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்திருக்கும். ஊருக்குள் 2023இல் நிறுவிய வெண்கலச் சிலையில், பெஞ்சில் உட்கார்ந்து கையில் புத்தகத்தோடு இருக்கிறார் கிறிஸ்டி. பேனாவோ தட்டச்சுப் பொறியோ இல்லாமல் புத்தகத்தைக் கொடுத்த சிற்பியைப் பாராட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார இடம் விட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டனில் தனியாக இருந்தபோது, பகலில் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அவர் எழுதியவற்றை நினைத்தால் தலை சுற்றுகிறது. ஒன்று அலுத்தால் இன்னொன்று என்று இரண்டு நாவல்களை மாற்றி மாற்றி எழுதினார். குண்டு வீச்சில் தாம் இறந்துவிட்டால் மகளுக்கும் கணவருக்கும் வருமானம் வேண்டுமே என்று புவாரோவுக்கு ஒரு கடைசி நாவலும், தம் இன்னொரு துப்பறிபவரான மிஸ் மார்ப்பிளுக்கு ஒன்றும் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தார். மேரி வெஸ்ட்மாகாட் என்ற புனைபெயரில் ஒரு நாவலை மூன்றே நாளில் முடித்தார். இத்தனைக்கும், படிவங்களில் தொழில் என்ற இடத்தில் மணமான பெண் என்று நிரப்புவதைத் தவிர வேறொன்று தமக்குத் தோன்றியதே இல்லை என்று எழுதியிருக்கிறார். 1950இல் ஈராக்கின் நிம்ரூதில், அகழாய்வு இல்லத்தை ஒட்டி அவருக்கென்று ஒரு சிறு மண்செங்கல் அறை கட்டினார்கள். வாசலில் ஆப்பெழுத்தில் அகதாவின் இல்லம் என்று பலகை. தம் தன்வரலாற்றை அங்கேதான் தொடங்கினார். ஆக, தேடிவந்த மேசை டெவனில் இல்லை. பாலைவனத்தில் ஒரு மண் அறையில், அறுபதாவது வயதை நெருங்கும்போது கிடைத்திருக்கிறது.

மாலை சோல்சி. செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்து மூலையில் உயரமான கல். முதலில் அகதா மேரி கிளாரிசா மல்லோவன் என்ற குடும்பப் பெயர். அதற்குப் பிறகுதான் உலகம் அறிந்த பெயர். 1976 ஜனவரி 12. கீழே, உழைப்புக்குப் பின் உறக்கம் என்று தொடங்கும் கவிஞர் ஸ்பென்சரின் வரிகள். யாரோ ஒரு பேனாவைப் புல்லில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் மை கசிந்திருந்தது. வயல்களுக்கு அப்பால் பாடிங்டன் தடத்தில் ரயில்கள் போய்க்கொண்டிருந்தன.

நிலையத்துக்கு நடக்கும் வழியெல்லாம் மகள் தன் சந்தேகங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மருந்து எப்படிக் கொன்றது என்பதைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். கொலையாளி யாரென்று மட்டும் ஒருவரை மாற்றி ஒருவராகச் சொன்னாள். நான் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பெரும்பாடுபட்டேன். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், இன்னும் இரண்டு அத்தியாயம்தான் இருக்கிறது, ரெடிங் வரும்வரை வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டாள். சன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.